மறுக்கும் முன் ஒரு ஓம்

பெயரை எழுதப் போவதில்லை. அது அவர் போட்ட சட்டம். கட்டுரை ஒன்று வந்தால் முதல் வேலை, எழுதியவரின் பெயரை எடுப்பது. அடுத்தது பட்டங்களை எடுப்பது. அதற்கடுத்தது, ‘எனது ஆசான் அவர்களின் நல்லாசியுடன்’ என்று தொடங்கும் முதல் பந்தியை எடுப்பது. சில கட்டுரைகளில் இவ்வளவையும் எடுத்த பிறகு பக்க எண்தான் மிஞ்சும்.

“பேரை எடுத்துப்போட்டு வாசியுங்கோ தம்பி. அப்பதான் அவர் என்ன சொல்லுறார் எண்டு விளங்கும்” என்பார்.

என் உச்சந்தலை அப்போதே மைதானமாகிவிட்டிருந்தது. ஆனாலும் அவருக்கு நான் தம்பி. எனக்கு அவர் அக்கா. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து அவர் ஒரு மெய்யியல் ஆய்விதழ் நடத்தினார். இணையத்தில் வரும். வாசிக்கச் சந்தா இல்லை, எழுதக் கட்டணம் இல்லை, உள்ளே போகக் கடவுச்சொல் இல்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். எந்தச் சமயம், எந்தக் கட்சி, எந்தப் பைத்தியம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வாதம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி அந்த இதழுக்கே நாலு வரி எழுதித்தரும்படி கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால், அவரிடமிருந்து எனக்கு வரவேண்டியிருந்த ஒரு ‘ஓம்’, எங்கள் பக்கத்து ‘ஆமாம்’, வராமலே போய்விட்டது என்பதுதான் முன்னே வந்து நிற்கிறது. ஆகவே நாலு வரியில் முடியாது.

அவரை எனக்குத் தெரியவந்தது நான் அவரைக் கேலி செய்ததால். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் அப்போது வாராவாரம் நகைச்சுவைப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். நகைச்சுவைப் பத்தி என்று பத்திரிகை சொன்னது. வாசகர்கள் யாரும் உறுதிப்படுத்தியதில்லை. ஒரு வாரம் எழுத ஒன்றும் கிடைக்காமல் இந்த இதழைப் பிடித்தேன். ‘இதை வாசிப்பவர்கள் மூன்று பேர்: எழுதியவர், திருத்தியவர், வேறெதையோ தேடப்போய் விரல் வழுக்கியவர்’ என்று எழுதினேன். திங்கட்கிழமை தொலைபேசி வந்தது.

“நீங்கள் சொல்ல வாறது இதுதானோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்” என்றது ஒரு பெண் குரல். கோபமே இல்லை. “பூட்டில்லாத வீட்டுக்குள்ள ஆக்கள் வராததுக்குக் காரணம், உள்ளுக்குப் பெறுமதியா ஒண்டும் இராது எண்டு நினைக்கிறது. அப்ப சும்மா குடுக்கிறதே வாசகரை விரட்டுற வேலை. அப்பிடியோ?”

நான் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. என் பத்தி முழுவதிலும் இருந்ததை விட அது நல்ல பகிடி. மரியாதைக்கு ஒரு நிமிஷம் யோசிப்பது போல இருந்துவிட்டு, “ஓம்” என்றேன்.

“நல்ல மறுப்பு. என்னட்டை இதுக்குப் பதில் இல்லை. நாளைக்குப் பின்னேரம் வாங்கோ. இஞ்சை மெய்ப்புப் பாக்க ஆளில்லாமக் கிடக்கு.”

திட்டு வாங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினேன். போன இடத்தில் உதவி ஆசிரியர் ஆனேன். சம்பளம் இல்லாத பதவிகளுக்கு என்னைத் தெரிவு செய்வதில் உலகம் ஒருபோதும் தயங்கியதில்லை.

தொலைபேசியில் அவர் எனக்குச் செய்ததுதான் இதழின் ஒரே விதி என்று பிறகு தெரிந்தது. பெயர் எடுத்த கட்டுரை மதிப்பீட்டாளரிடம் போகும். அவருக்குப் பிடித்தால் சரி. மறுக்க நினைத்தால் எழுதியவரின் பெயர் திரும்பி வரும், தொலைபேசி எண்ணோடு. மறுப்பவர் அவரை அழைத்து, அவருடைய வாதத்தை அவருக்கே சொல்லிக்காட்டவேண்டும். “ஓம், நான் சொன்னது இதுதான்” என்று அவர் வாயால் சொல்லும்வரை இவருக்கு மறுக்க உரிமை இல்லை. சொன்ன பிறகு கிழிக்கலாம். இதழில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் ஒரு மறுப்பு இருக்கும். மறுப்புக்கு மேலே அந்தச் சுருக்கம். சுருக்கத்தின் கடைசியில் ஒரு வரி: ‘ஆம், நான் சொன்னது இதுதான்: கட்டுரையாளர்.’ அந்த வரியைத்தான் அவர் தன் இதழின் முகப்பு என்று நினைத்திருந்தார்.

இதில் அவரை மிஞ்ச ஆளில்லை. களனியிலிருந்து ஒரு பிக்கு, ஆன்மா என்று ஒன்றில்லை எனும் அனாத்மம் பற்றி எழுதினால் பிக்குவை விட நன்றாகச் சொல்வார். கடவுள் இல்லை என்று ஒருவர் எழுதினால், கடவுளே கேட்டுக்கொண்டிருந்தாலும் ஒருகணம் தடுமாறும்படி சொல்வார். நடுவில் கரையோர ரயில் வரும். வீடு முழுக்க அதிரும். சொல்லின் பாதியில் நிறுத்திக்கொள்வார். ரயில் போனதும் அதே சொல்லின் மிச்சப் பாதியிலிருந்து தொடங்குவார்.

ஆபத்து என்னவென்றால், கேட்பவர்கள் அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்துவிடுவார்கள். ஒருமுறை வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றின் ஆள், வெள்ளவத்தை வெயிலில் கழுத்துப்பட்டியோடு மூன்று மாடி ஏறி வந்தார். இதழைத் தங்களிடம் கொடுத்தால் உலகத் தரத்துக்குக் கொண்டுபோவதாகவும், வாசிப்பவர்கள் மட்டும் ஒரு சிறு தொகை கட்டவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அக்கா அதைத் திருப்பிச் சொன்னார். காசு கட்டி வாசிப்பவன்தான் கவனமாக வாசிப்பான், கவனமான வாசகன்தான் எழுதுபவனுக்குச் செய்யும் மரியாதை, ஆகவே கதவில் பூட்டுப் போடுவது உள்ளே இருப்பவனைக் கௌரவிப்பது. அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. பையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தார்.

“அதை உள்ளுக்கு வையுங்கோ. நான் உங்கட பக்கத்தைச் சொன்னனான். என்ர பதில், ஏலாது.”

அவருடைய ஒரே தங்கை கனடாவில். விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்தத் தங்கை இன்னொரு கதை சொன்னார். இளமையில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பையனைப் பற்றிச் சொன்னதை அக்கா திருப்பிச் சொன்ன அழகில் அவர்கள் நேரே மண்டபம் பார்க்கப் போய்விட்டார்களாம். “பிறகு அப்பிடியெல்லாம் இல்லை எண்டு சொல்லி அனுப்ப அம்மா பட்ட பாடு!” என்று தங்கை சிரித்தார். அக்காவும் சிரித்தார். அந்தப் பையனைப் பிடித்திருந்ததா இல்லையா என்று அப்போதும் சொல்லவில்லை.

அதுதான் விஷயம். இத்தனை பேருடைய கருத்தையும் சொல்லத் தெரிந்தவரின் கருத்து என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தேநீரில்கூடத் தெரியாது. “நீங்கள் எப்பிடிக் குடிப்பீங்கள்?” என்று கேட்பார். எனக்குச் சீனி வியாதி. என்னோடு இருந்தால் அவரும் சீனியில்லாத பிளேன்டீ. எங்கள் கொட்டாஞ்சேனை ஃபாதர் வந்தால் இரண்டு பேருக்கும் கோப்பைக்கு மூன்று கரண்டி.

அங்கே சட்டம் மட்டும்தான் இருந்தது என்று நினைக்கக்கூடாது. இதழுக்குள் பகிடிகளும் நடந்தன. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வக்கீல் இருந்தார். பொய்யைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். நான் பெயரை எடுத்தேன், பட்டத்தை எடுத்தேன். சில வாரம் கழித்து, எழுதியது யார் என்பது எனக்கே மறந்த பிறகு, அக்கா அந்தத் தாள்களைத் தூக்கிப் பிடித்து, “இது பொய்யைப் பற்றினது. பொய்யை நல்லாத் தெரிஞ்ச ஆர் இருக்கினம் மதிப்பிட?” என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் அந்த வக்கீலின் பெயரைச் சொன்னோம். அவருடைய கட்டுரை அவருக்கே போனது.

மதிப்பீடு குறித்த நாளில் வந்தது. ‘இதை எழுதியவர், தன் வாதத்தில் தனக்கே நம்பிக்கை குறையும் இடங்களில் வசனத்தை நீட்டுகிறார். நான்காம் பக்கத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். திருத்தினால் வெளியிடலாம். ஆனால் ஆள் திருந்தக்கூடியவராகத் தெரியவில்லை.’

தவறு தெரிந்ததும் மன்னிப்புக் கேட்க அழைத்தேன்.

“பிழையா அனுப்பிட்டீங்களா? அட கடவுளே! நான் இதுதான் உங்கட இதழ்ல முறையாக்கும் எண்டு நினைச்சனே. மனுசன் நித்திரை இல்லாம எழுதினது!”

“அப்ப அந்த நாலாம் பக்கம், சேர்?”

“பொய்தான். கோர்ட்ல எண்டா விட்டிருப்பன்.”

அக்காவிடம் சொன்னேன். ஒரு ரயில் வந்து போய்முடியும் வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே எல்லாருக்கும் இப்பிடியே செய்வம்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொருவருடைய கட்டுரையும், பெயர் எடுக்கப்பட்டு, முதலில் எழுதியவரிடமே மதிப்பீட்டுக்குப் போனது. தவறை வழக்கமாக்குவதில் எங்கள் நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. அது நன்மையில் முடிந்து நான் பார்த்தது இந்த ஒரு முறைதான்.

தெமட்டகொடையிலிருந்து ஒருவர் சிங்களத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்: உங்கள் பக்கம் என் சின்ன ஃபோனில் திறக்குதில்லை. நான் அதைக் குப்பைக்குள் போடப் போனேன். “வையுங்கோ! இதுதான் இந்த வருசம் எங்களுக்கு வந்த பெரிய மறுப்பு. எல்லாருக்கும் திறந்திருக்கு எண்டு முகப்பில எழுதி வைச்சிருக்கிறம். அந்த மனுசனுக்குப் பூட்டிக் கிடக்கு” என்றார். முழு இதழையும் திரும்ப ஒழுங்கு செய்யவைத்தார். என் கண் பார்வையின் ஒரு பகுதி அந்த வேலையில் போனது.

கொட்டாஞ்சேனை ஃபாதர் மன்னிப்பைப் பற்றி எழுதியதையும் இங்கே சொல்லவேண்டும். நடந்ததெல்லாவற்றையும் மன்னிக்காமல் இந்த நாட்டில் யாரும் யாரோடும் வாழமுடியாது. இறந்தவர்களுக்காகவும் நாங்களே மன்னிக்கவேண்டும். அது அவர்களுக்கு நாங்கள் செய்யும் கடைசிக் கடமை. இதுதான் ஃபாதரின் வாதம். யாராவது மறுத்து எழுதவேண்டுமே என்று அக்கா முதலில் தானே தொலைபேசியில் சுருக்கம் சொல்லிப் பார்த்தார். அடுத்த முனையில் ஃபாதர் எழுதிக்கொண்டிருந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்த ஞாயிறு பூசையில் அதுவே பிரசங்கமாக வந்தது, சொல்லுக்குச் சொல். என் முன் வாங்கில் உட்கார்ந்திருந்த பெண்மணி கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் என்னுடையதைத் தேடினேன்.

“அக்கா, பூசையில எல்லாரும் அழுதிட்டாங்க” என்று போய்ச் சொன்னேன்.

“நல்ல வாதம்தானே” என்றார்.

அப்போது நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எண்பத்து மூன்று கலவரம் நடந்த அந்த ஜூலையில், ஒரு காலை, தெமட்டகொடைப் பக்கம் வேலைக்குப் போன அவருடைய தகப்பன் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. பின்னாளில் தங்கை சொல்லித்தான் தெரியும்.

பிறகு அந்தக் கட்டுரை வந்தது.

எழுதியவர் ஓர் இளம் விரிவுரையாளர். பதுளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்தவர். வேலை தற்காலிகம்; கட்டுரை ஒன்று வெளிவந்தால்தான் நிரந்தரமாக்குவார்கள். அப்படிப்பட்டவர் யாராவது பெரியவரைப் புகழ்ந்து எழுதுவார் என்றுதான் எதிர்பார்ப்போம். இவர் எங்கள் இதழையே எடுத்து உரித்திருந்தார். தலைப்பு, ‘நின்றுகொண்டே உபசரிப்பவர்’.

இரண்டு மதிப்பீட்டாளர்களும் நிராகரிக்கச் சொன்னார்கள். நான் மூன்றாவது. ஒருவரும் எழுதியவரை அழைக்கவில்லை. விதி எல்லாருக்கும் மறந்துவிட்டது.

“நீங்கள் மூண்டு பேரும் இதை வாசிக்கேல்லை. என்னைக் காப்பாத்தப் பாத்திருக்கிறீங்கள்” என்றார் அக்கா.

“தெரியாத பொடியன் அக்கா. விடுங்கோ.”

“பேரை எடுத்துப்போட்டு வாசியுங்கோ எண்டா, என்ர பேரையும் எடுக்கவேணும் தம்பி.”

மற்றவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை, அவருக்கு இந்தக் கட்டுரையோடு முடியவில்லை. பலமுறை அழைத்தார். ஒவ்வொரு முறையும் அந்த விரிவுரையாளர் மிகுந்த மரியாதையோடு “அதில்லைங்க மிஸ்” என்றார். கடைசியில் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கே போனார். கோயிலடி பேக்கரி ஒன்றில் மூவரும் இருந்தோம். முன்னால் மாலுபாண், மீன் அடைத்த பணிஸ். யாரும் தொடவில்லை, எனக்கு மட்டும் தொடவேண்டும் போலிருந்தது.

“எல்லாருக்கும் இடம் குடுத்தா மட்டும் போதாது எண்டு சொல்லுறீங்கள்” என்று தொடங்கினார் அக்கா.

“அதில்லைங்க மிஸ். அத யாரும் சொல்லலாம்.”

“எல்லாரையும் கேக்கிறது, ஒருத்தரையும் கேக்காததுக்குச் சமன்.”

“இல்லைங்க. நீங்க கேக்குறீங்க. நல்லாவே கேக்குறீங்க. பிரச்சினையே அதுதாங்க.” வேலை நிரந்தரமாவது இந்தப் பெண்மணியின் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ரயில் இல்லை. இருந்தாலும் ஏதோ போய்முடியக் காத்திருப்பவர் போலவே இருந்தார்.

“நீங்கள் சொல்லுறது இது. இந்தப் பொம்பிளை எல்லாருக்கும் கதிரை போட்டுக் குடுக்கிறா. தான் ஒரு கதிரையிலயும் இருக்கிறதில்லை. இருந்தா, மற்றவை அவவோடையும் வாதாடலாம். நிண்டுகொண்டே இருந்தா ஒருத்தரும் அவவை மறுக்க ஏலாது. அதைப் பணிவு எண்டு எல்லாரும் நினைக்கினம். அது பணிவில்லை. தனக்கு மட்டும் எடுத்து வைச்ச சலுகை. பயம் எண்டும் சொல்லலாம்.”

நான் மாலுபாணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பயம்னு நான் எழுதலைங்க மிஸ்” என்றார் விரிவுரையாளர், மெதுவாக.

“எழுதியிருக்கவேணும். வாதம் அங்கைதான் போகுது.”

“ஓம் மிஸ்” என்றார் அவர். வழக்கமாக ‘ஆமாங்க’ என்பவர். “அதுதான்.”

கடைக்காரர் தேநீரோடு வந்து சீனி கேட்டார். நான் வேண்டாம் என்றேன். விரிவுரையாளர் ஒரு கரண்டி என்றார். கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா எங்கள் இருவர் கோப்பையையும் பார்த்தார்.

“எனக்கு ரெண்டு” என்றார்.

கட்டுரை வெளிவந்தது. பொடியனுக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த இதழ் வேலை தொடங்கியபோது பெயரில்லாத கட்டுரை ஒன்று என் முன்னால் வந்து விழுந்தது. கூடவே எழுதியவரின் சுயமதிப்பீடு: ‘இவர் இதை எப்போதோ எழுதியிருக்கவேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொல்லவில்லை.’ அது அக்காவுடையது என்று தெரிய ஒரு பெயரும் தேவைப்படவில்லை.

மன்னிப்பைப் பற்றித்தான். ஃபாதருடைய கட்டுரைக்கு நேர் எதிர். ஊரையே அழவைத்த அந்தப் பிரசங்கத்தைச் சொல்லிக்கொடுத்தவர், அதில் ஒரு சொல்லைக்கூட நம்பியிருக்கவில்லை. கட்டுரை முழுக்க ஒரு குடையைப் பற்றி இருந்தது. ஒருவருடைய குடையை இன்னொருவர் உடைத்துவிடுகிறார். பக்கத்தில் நிற்கும் மூன்றாமவர், ‘பரவாயில்லை’ என்கிறார். அந்தப் ‘பரவாயில்லை’ என்பது என்ன? அவ்வளவுதான். வேறு உதாரணம் இல்லை, மேற்கோள் இல்லை.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் ஃபாதர் பக்கம். ஆகவே மறுப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. முதலில் அந்த ‘ஓம்’ வேண்டும்.

“மன்னிக்கக்கூடாது எண்டு சொல்றீங்க” என்றேன் தொலைபேசியில்.

“இல்லை தம்பி. இன்னொருக்கா வாசியுங்கோ.”

வாசித்தேன். இதற்குள் தங்கை வழியாகத் தகப்பனின் கதை வந்திருந்தது. அடுத்த தடவை நேரில் போனேன். குரலை மென்மையாக்கிக்கொண்டேன். “காயம் பெரிசா இருந்தா மன்னிக்கிறது ஏலாத காரியம். மனசு இடம் குடுக்காது. அப்பிடித்தானே அக்கா?”

“அது மனநல வைத்தியம். நான் மெய்யியல் கதைக்கிறன்.” தன் கோப்பையில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினார். “ஆரும் உங்களுக்கு அப்பாவைப் பற்றிச் சொன்னவையோ?”

நான் கட்டுரைத் தாள்களைப் புரட்டினேன்.

“கட்டுரையில அப்பா எங்கை இருக்கிறார்? குடைதான் கிடக்கு. நீங்கள் என்னைப் பாத்துக் கவலைப்பட்டுக்கொண்டு வாசிக்கிறீங்கள். என்ர பேரை எடுத்துப்போட்டு வாசியுங்கோ.”

மூன்றாம் தடவை, பின்னேர ரயில் ஒன்று போய்முடிந்ததும், நான் எனக்குப் பெருமையாக இருந்த ஒரு வசனத்தைச் சொன்னேன். “மன்னிப்பு எண்டது உரியவர் குடுக்கவேண்டியது.”

“கிட்ட வந்திட்டீங்கள்” என்றார். முகம் மலர்ந்திருந்தது. மாணவன் மேல் வரும் மலர்ச்சி இல்லை. நெடுநாள் தனியே சதுரங்கம் ஆடியவருக்கு எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்த மலர்ச்சி. “ஆனா சொல்லு மட்டும்தான் வந்திருக்கு. உங்களுக்கு இன்னும் அது நடக்கேல்லை. இன்னொருக்கா வாங்கோ.”

இன்னொருக்கா போவதற்குள், ஒரு காலை, அவருடைய இதயம் நின்றுவிட்டது.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் கூட்டம் என்ன கூட்டம்! பிக்கு வந்திருந்தார். ஃபாதர் வந்திருந்தார். கடவுள் இல்லை என்றவர் ஃபாதருக்குக் கதிரை இழுத்துப் போட்டார். வக்கீல் ஒரு மூலையில் இருந்து, அவரைப் பற்றிப் பேசப்பட்ட பேச்சுகளில் எது நான்காம் பக்கம் என்று என்னிடம் கிசுகிசுத்தார். விரிவுரையாளர் வாசலிலேயே நின்றார், உட்காராமல். தங்கை அன்று காலைதான் கனடாவிலிருந்து வந்து இறங்கியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அதே நெற்றி, அதே குரல்.

“நீங்கள்தானே ‘ஓம்’ கேட்டுக்கொண்டு திரிஞ்ச ஆள்? அக்கா ஃபோன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவ. ‘பாவம், கிட்ட வந்திட்டார்’ எண்டு.”

தலையாட்டினேன்.

“அதை நினைச்சு நீங்கள் மனவருத்தப்படக்கூடாது. அவவுக்காக நான் சொல்லுறன். ஓம். சரியோ? ஓம் தம்பி.”

எவ்வளவு நல்ல மனது! அன்பு இருந்தது, இரத்தம் இருந்தது, முகச்சாயல்கூட இருந்தது. நான் “நன்றி அக்கா” என்றேன். ஆனால் எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. கை நீட்டியபடியே நிற்பது போலிருந்தது. அந்தச் சொல்லைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அறையின் நடுவில் படுத்திருந்தார். அவரைத் தவிர அந்த ஊரே சேர்ந்து சொன்னாலும் அது அந்த ‘ஓம்’ ஆகாது. தங்கைக்கு அதில் கோபமோ பொய்யோ இல்லை. உரிமை மட்டும்தான் இல்லை.

அங்கே, பூமாலை வாசனைக்கு நடுவில், தங்கை என் கையை இன்னும் விடாமலிருக்கும்போதே, எனக்குக் குடை விளங்கிவிட்டது.

இதழை இப்போது நடத்துவது அந்த விரிவுரையாளர். மேசை இன்னும் அந்த வெள்ளவத்தை வீட்டில்தான், தங்கை விட்டுவைத்திருக்கிறார். சில நாள் கழித்து அங்கே போனேன்.

“சேர், மிஸ்ஸோட கட்டுரை இந்த இதழ்ல போகணும். உங்க சுருக்கத்தச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். “மன்னிக்கிறதுக்கு ஒரு கதிரை இருக்கு. அது பாதிக்கப்பட்டவரோடது. அவர் போயிட்டா கதிரை வெறுமை. அன்பு இருக்கிறவங்க ஓடிப்போய் அதில இருந்து ‘பரவாயில்லை’ சொல்லலாம். சொன்னது போய்ச் சேராது. அப்ப சில பிழைகள் மன்னிக்கப்படாமலே கிடக்கும். யாருக்கும் கோபம் இருக்கிறதால இல்லை. கதிரையில ஆள் இல்லாததால. அதை வெறுமையா விடுறதுதான், போனவருக்கு நாங்க செய்யிற மரியாதை.”

ரயில் ஒன்று வந்தது. இரண்டு பேரும் காத்திருந்தோம்.

“நூத்துக்கு நூறு சரிங்க சேர்.”

“அப்ப கீழ அந்த வரியைப் போட்டுவிடுங்க.”

“நான் எப்படிங்க சேர் போட?” என்றார். கேட்டுவிட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்டார்.

ஆகவே இந்த இதழில் நீங்கள் பார்ப்பது அச்சுப் பிழை அல்ல. கட்டுரை இருக்கிறது, கீழே என் சுருக்கம் இருக்கிறது, அதன் கீழே, ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று வரவேண்டிய இடத்தில் ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே மறுப்பு இல்லை. விதி விதிதான்: அவர் ‘ஓம்’ சொல்லாமல் எனக்கு மறுக்க உரிமை கிடையாது.

சொல்லப்போனால், நான் இப்போதும் ஃபாதர் பக்கம்தான். என்னிடம் ஒரு மறுப்பு இருக்கிறது. நல்ல மறுப்பு. கேட்டால் அக்கா பாதிச் சொல்லில் நிறுத்தி, ரயில் போகவிட்டு, “இன்னொருக்கா சொல்லுங்கோ” என்று சீனியை எட்டி எடுத்திருப்பார். அந்த மறுப்பை அப்படியே வைத்திருக்கிறேன்.